தலை வலிக்காமலேயே வரும் ஒற்றைத் தலைவலி: வேலையிடத்தில் எப்படிச் சொல்வது?

பாம்பன்காற்று, தங்கச்சிமடம்:

எனக்கு 41 வயது. வீடு ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம், வேலை பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில். பெயர் வேண்டாம். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற பெண்கள் கொண்டுவரும் தட்டை எடைபோட்டு, ஜம்போ, பேக்ஃபின், ஸ்பெஷல், கிளா என்று தரவாரியாக அவரவர் பெயருக்கு நேரே நோட்டில் ஏற்றுவது என் வேலை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஆகவே நான் எழுதும் ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒருத்தியின் அன்றைய சம்பளம். இதை முதலில் சொல்லக் காரணம், என் பிரச்சினை வந்து நிற்பதே அந்த எண்ணில்தான்.

தராசில் 1.850 என்று சிவப்பாக எரியும். நான் பார்க்கும்போது 8 இருக்காது. கறுப்பாக மறைத்திருக்காது, மங்கியும் இருக்காது. அந்த இடத்தில் எண்ணே கிடையாது என்று கண் சாதிக்கும். பார்வையைக் கொஞ்சம் தள்ளினால் 8 வந்துவிடும், 5 போய்விடும். சற்று நேரத்தில் அதே இடத்தில், உச்சி வெயிலில் தகரக் கூரை மின்னுகிற மாதிரி ஒரு மினுமினுப்பு. பிறகு அது பல் பல்லாக, கோணல்மாணலாக ஒரு வளைகோடாகி, பெரிதாகிக்கொண்டே இடது ஓரத்துக்கு நகரும். அரை மணி நேரத்துக்குள் பார்வையைவிட்டு வெளியே போய்விடும். கண்ணை மூடினாலும் தெரிகிறது. சில தடவை அது போகிற சமயத்தில் இடது கை விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் தொடங்கி, மெதுவாக முழங்கைக்கு ஏறி, உதட்டோரம் வரை மரத்துப்போகும்.

தலை வலிக்காது. ஒரு பொட்டு வலி கிடையாது. ஆனால் அதற்கப்புறம் அன்று முழுக்க நான் நானாக இருப்பதில்லை. கொட்டாவி, கழுத்தில் ஒரு பிடிப்பு, வெளிச்சம் ஆகாது, யாராவது கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும்.

கண் டாக்டரிடம் போனேன். சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, விழித்திரை நன்றாக இருக்கிறது, இது ஒற்றைத் தலைவலியில் ஒரு வகை, நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்றார். அதற்கு முன்பு பார்த்த இன்னொருவர் கேஸ் என்று மாத்திரை எழுதியிருந்தார். மாமியார் ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நேர்ந்திருக்கிறார். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். "வலிதான் இல்லையே, அப்புறம் என்ன" என்று கேட்டுவிட்டு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கம்பெனியில்தான் சங்கடம். தலைவலிக்காரி தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வாந்தி எடுத்தால் வேனில் ஏற்றி வீட்டுக்கே அனுப்புகிறார்கள். எனக்குக் காட்ட ஒன்றுமில்லை. போன மாதம் ஒருத்தி தன் எடை குறைத்து எழுதப்பட்டிருக்கிறது என்று சத்தம் போட்டாள். மறுபடி போட்டுப் பார்த்ததில் நான் எழுதியதுதான் சரி. இருந்தாலும் அன்றிலிருந்து ஒரு கிசுகிசுப்பு ஓடுகிறது.

இது பக்கவாதத்தின் முன்னோட்டமா என்ற பயம் ஒரு பக்கம். என் அம்மா அதில்தான் படுத்தார்கள். மருந்து எதுவும் உண்டா என்பது இன்னொன்று. உங்களில் யாருக்காவது இப்படி வலியில்லாமல் வருகிறதா? வேலை செய்கிற இடத்தில் அதை எப்படிச் சொன்னீர்கள்?

பேய்க்கரும்பு பையன்:

அக்கா, பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். கை மரத்து, உதடு மரத்து என்று படித்ததும் திக்கென்றது. எங்கள் பெரியப்பாவுக்குக் காலையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே வாய் ஒரு பக்கம் இழுத்து, டம்ளர் கையிலிருந்து விழுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று படுக்க வைத்தார்கள். அதுதான் தப்பாகப் போனது. நீங்கள் அடுத்த தடவை யோசிக்காமல் 108-க்கு அடித்துவிடுங்கள்.

கீழக்கரை டீச்சர்:

தங்கச்சி, அந்தத் தம்பி சொன்னதை லேசாக எடுக்காதீர்கள். எது பக்கவாதம், எது ஒற்றைத் தலைவலி என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் உங்கள் பயத்தில் பெரும்பகுதி குறையும், அவ்வளவுதான்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். கல்லூரிக் காலத்தில் எனக்குக் கோடும் வரும், பின்னாலேயே மண்டையைப் பிளக்கும் வலியும் வரும். மாதவிடாய் நின்றபின் வலி விடைபெற்றுக்கொண்டது. கோடு மட்டும் இன்னும் வந்துபோகிறது. வயது ஏற ஏற இப்படி ஆவது பலருக்கும் நடப்பதுதான்.

நீங்கள் எழுதியதில் முக்கியமான சொல் "மெதுவாக". ஒற்றைத் தலைவலியில் எல்லாமே ஊர்ந்து வரும். சின்னப் புள்ளி பெரிதாகும், கோடு நகரும், மரமரப்பு விரலிலிருந்து கை, கையிலிருந்து உதடு என்று படியேறும். பார்வை முதலில், மரமரப்பு அடுத்து, சிலருக்குப் பேச்சுக் குழறல் அதற்கும் அடுத்து என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றும் 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை இருந்துவிட்டு அடங்கும். பக்கவாதம் பெரும்பாலும் அப்படியல்ல. ஒரே நொடியில், எல்லாம் ஒரேயடியாக. பார்வை போனால் போனதுதான், மினுக்காது. கை மரத்தால் பெரும்பாலும் கூடவே பலமும் போகும், டம்ளர் விழும். தம்பியின் பெரியப்பாவுக்கு நடந்தது அதுதான்.

ஆனால் இதை நீங்களாக வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்கக் கூடாது. 40 வயதுக்குமேல் முதல்முறையாகத் தொடங்கும் ஒளிக்கோட்டை டாக்டர்கள் தனியாகக் கவனிப்பார்கள். 1980-ல் மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் மருத்துவர் இதைப் பற்றியே எழுதினார். நடுவயது தாண்டியவர்களுக்கு வலி இல்லாமல், சிறு பக்கவாதம் என்று நினைக்கும்படி வருகிறவற்றில் ஒரு பகுதி உண்மையில் ஒற்றைத் தலைவலிதான் என்று காட்டினார். அதற்காக எல்லாமே அதுதான் என்று விட்டுவிடவும் முடியாது. மற்றவை இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் இந்தப் பெயருக்கு வர வேண்டும். அம்மாவுக்குப் பக்கவாதம் என்கிறீர்கள். அதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அந்த 8 எங்கே போனது என்று சொல்கிறேன், பழைய வாத்தியார் புத்தி. மூளையின் பின்பக்கம் பார்வையைக் கவனிக்கிற மேலடுக்கில் ஓர் அலை கிளம்புகிறது. அலையின் முகப்பில் நரம்பணுக்கள் தாறுமாறாகத் துடிக்கும். அது மினுமினுப்பு. அலை தாண்டிப்போன இடத்தில் அவை கொஞ்ச நேரம் வாய் மூடிக்கிடக்கும். அது ஓட்டை. ஓட்டையை மூளை சும்மா விடாமல் சுற்றியிருப்பதை வைத்து நிரப்பிவிடும். அதனால்தான் உங்களுக்குக் கறுப்பாகத் தெரியாமல் எண்ணே இல்லாததாகத் தெரிகிறது. 1941-ல் கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் தன் கண்ணில் வந்த கோட்டையே தாளில் நேரம் போட்டு வரைந்து, அது மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் நகர்கிறது என்று கணக்குப் போட்டார். கருவி எதுவும் இல்லை, பென்சிலும் தாளும்தான். 1944-ல் பிரேசில்காரர் லெயாவோ முயல் மூளையில் அதே மாதிரி மெல்ல ஊர்கிற அலையைப் பதிவு செய்தார், அதே மாதிரி வேகத்தில். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்தான்.

வலி வேறு இடத்து விஷயம். மூளையைப் போர்த்தியிருக்கும் உறையிலும் அதன் ரத்தக்குழாய்களிலும் உள்ள நரம்பு தூண்டப்பட்டால் வலிக்கும். அலை மட்டும் ஓடி அந்த நரம்பு சும்மா இருந்துவிட்டால் கோடு வரும், வலி வராது. உங்கள் வீட்டுக்காரரிடம் இப்படியே சொல்லுங்கள். நோய் ஒன்றுதான், கடைசிக் கட்டம் மட்டும் உங்களுக்கு வருவதில்லை. கொட்டாவியும் மந்தமும் கழுத்துப் பிடிப்பும் அதே நோயின் பாகம்.

அடுத்த தடவை வந்ததும் ஒரு கண்ணைப் பொத்திப் பாருங்கள், பிறகு மற்றதை. இரண்டிலும் தெரிந்தால் மூளையில் நடப்பது. ஒரே கண்ணில் மட்டும் தெரிந்தால் அது வேறு, அன்றே கண் ஆஸ்பத்திரி. அப்புறம் ஒரு தாளின் நடுவில் புள்ளி வைத்து, அதையே பார்த்தபடி கோடு எங்கே இருக்கிறதோ அங்கே வரைந்து பக்கத்தில் மணியை எழுதுங்கள். 1870-ல் ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கில டாக்டர் தன்னுடையதை இப்படி வரைந்து வெளியிட்டார். கோட்டை மதில் மாதிரி மூலை மூலையாக இருக்கும். அவர் அப்பா ஜார்ஜ் ஏரி, கிரீன்விச் வான்நோக்ககத்தின் தலைவர், அவருக்கும் இது உண்டு. வாயால் சொன்னால் காதில் வாங்காத டாக்டர்கூடப் படத்தைப் பார்த்தால் நிமிர்ந்து உட்காருவார்.

எனக்கு இதைக் கிளப்புவது பட்டினியும் தண்ணீர் குறைவும். கோடையில் வந்த நோன்பு நாட்களில் அசரு தொழுகை நேரத்தில், அதாவது பிற்பகலில், கோடு வந்துவிடும். விடியுமுன் சாப்பிடும் சஹரைத் தவறவிடாமல், தண்ணீரைக் கூட்டி, ரமலானுக்கு முந்தின வாரமே காபியைப் படிப்படியாகக் குறைத்த பிறகு பரவாயில்லை. மீறி மோசமானால் அன்றைய நோன்பை விட்டுவிட்டுக் களாச் செய்வேன், அதாவது பிறகு வேறு நாளில் நோற்பேன். உங்களுக்கு எது கிளப்புகிறது என்று கவனியுங்கள். விடிகாலையில் வேன் பிடிக்கிறீர்கள், சாப்பிட்டுவிட்டா போகிறீர்கள்?

கம்பெனியில் நோயின் பெயரைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். என்ன நடக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கும், அந்த நேரத்துக்கு யார் எடை எழுதுவது என்பதை மட்டும் சொல்லுங்கள். சூப்பர்வைசருக்கு நோய் புரிய வேண்டாம், வேலை நிற்காது என்று புரிந்தால் போதும். வலிக்கிறது என்று பொய் மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார் என்பார்கள்.

சங்குக்காரன், பெரியபட்டினம்:

அக்கா, எனக்கும் அதே கோடுதான், வலி எப்போதாவது. முன்பு சங்கு குளிக்கப் போவேன், இப்போது படகு ஓட்டுவதோடு சரி. டீச்சர் எழுதாத ஒன்று இருக்கிறது. கடலில் மூழ்குகிற யாராவது இதைப் படித்தால் கவனிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாயில் வரும் காற்றை வைத்து ஆழத்தில் வெகுநேரம் இருந்துவிட்டு ஏறியபின் கண்ணில் மினுக்கினாலோ கை மரத்தாலோ, "எனக்கு வழக்கமாக வருவதுதானே" என்று படுத்துவிடக் கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி மூளைக்கோ தண்டுவடத்துக்கோ போனாலும் அதே மாதிரிதான் ஆரம்பிக்கும். அதற்கு வேண்டியது ஆக்சிஜன், உடனே ஆஸ்பத்திரி. இதில் இன்னொரு சிக்கல். இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியில் இருக்கும் சிறு திறப்பு சிலருக்கு மூடாமலேயே இருந்துவிடும். நான்கு பேரில் ஒருவருக்கு அது உண்டு, பெரும்பாலும் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் ஒளிக்கோடு வருகிறவர்களிடம் அது இன்னும் அதிகம், அதன் வழியாகக் குமிழ் மூளைப் பக்கம் போக வாய்ப்பும் உண்டு. என்னைப் பார்த்த டாக்டர் இதைச் சொல்லித்தான் கம்ப்ரசரை விடச் சொன்னார். திறப்பை அடைத்துவிடலாமா என்று கேட்டேன், கோட்டுக்காக மட்டும் அடைப்பதில்லை என்றார்.

படகில் சொன்னது எளிதாகத்தான் இருந்தது. ஜிபிஎஸ்ஸில் எண் தெரியவில்லை என்றதும் மச்சான் சுக்கானை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். கடலில் ஒருத்தனுக்கு ஒன்று என்றால் அடுத்தவன் கேள்வி கேட்க மாட்டான். கேலி பண்ணுவது கரைக்கு வந்த பிறகு. பைக் ஓட்டுகிறவர்கள் மட்டும் கவனம். புள்ளி தெரிந்ததும் ஓரம் கட்டுங்கள், பாலத்தில் ஏறிவிட்டு நிறுத்த இடம் தேடாதீர்கள். வெயில் நேரத்தில் நீர்மேல் தெறிக்கும் வெளிச்சம் எனக்கு எமன். போலரைஸ்டு கண்ணாடி வாங்கியதில் வித்தியாசம் தெரிகிறது, சாதாரணக் கறுப்புக் கண்ணாடியில் அந்தத் தெறிப்பு அடங்கவில்லை.

உச்சிப்புளி சிஸ்டர்:

அக்கா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சாக இருக்கிறேன். எல்லாரும் எல்லாம் கேட்டார்கள், ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. மாதவிடாய்க்கோ குடும்பக் கட்டுப்பாட்டுக்கோ ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா?

பாம்பன்காற்று:

சிஸ்டர், ஆமாம். கொஞ்ச காலமாக உதிரப்போக்கு அதிகம். தெரிந்த அக்கா ஒருவர் கொடுத்துப் பழகியது, மெடிக்கலில் நானே கேட்டு வாங்குகிறேன். 21 வெள்ளை மாத்திரை, 7 இரும்பு மாத்திரை இருக்கிற அட்டை. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

உச்சிப்புளி சிஸ்டர்:

சம்பந்தம் பெரிது அக்கா. மாலா வகை அட்டைகளில் வெள்ளை மாத்திரையில் இரண்டு ஹார்மோன்கள் இருக்கும். லெவோநார்ஜெஸ்ட்ரெல் ஒன்று, எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஒன்று. ஒளிக்கோடு வருகிற ஒற்றைத் தலைவலி உள்ள பெண்ணுக்குப் பக்கவாத அபாயம் சாதாரணமாகவே சற்றுக் கூடுதல். இளவயதில் அது மொத்தத்தில் சிறிய எண்தான். ஆனால் ஈஸ்ட்ரோஜன் சேர்ந்தால் பல மடங்காகும், பிரஷரும் புகையும் இருந்தால் இன்னும் ஏறும். அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிப் பட்டியலில் இப்படிப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை நான்காம் வகை. அதாவது கொடுக்கவே கூடாதது. வலி வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான், கோடு வந்தால் கணக்கில் சேரும்.

"தலை வலிக்குமா" என்று மட்டும் கேட்டுவிட்டு அட்டையைக் கொடுத்தால் உங்களைப் போன்றவர்கள் "இல்லை" என்றுதான் சொல்வீர்கள். எனக்கு இதில் ஆத்திரமே வரும். கேட்க வேண்டியது "கண்ணில் ஏதாவது மினுக்குமா" என்று.

நாளைக்கே மகப்பேறு டாக்டரைப் பார்த்து இதைச் சொல்லி, அட்டையை நிறுத்துங்கள். குடும்பக் கட்டுப்பாடுதான் தேவை என்றால் காப்பர்-டி இருக்கிறது, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டும் பிறகு வாரம் ஒன்றும் போடும் சாயா மாத்திரை இருக்கிறது, இரண்டிலும் ஈஸ்ட்ரோஜன் கிடையாது. ஆனால் உங்களுக்கு உதிரப்போக்கு அதிகம் என்பதால் காப்பர்-டி சரிப்படாமல் போகலாம். 41 வயதில் ஏன் அதிகமாகப் போகிறது என்று ஸ்கேன் பார்க்க வேண்டும், ரத்த அளவும் பார்க்க வேண்டும். மெடிக்கல் கடையில் கேட்டு முடிக்கிற விஷயம் இல்லை அக்கா.

தீவில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒன்று. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள்தான். கடிகாரம் ஓடத் தொடங்குவது கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய நேரத்திலிருந்து அல்ல. சிடி ஸ்கேன் எடுத்த பிறகுதான் போடவும் முடியும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிடும். வாய் கோணல், கை தொங்குதல், பேச்சுக் குழறல் திடீரென்று வந்தால் கோடா வாதமா என்று ஆராய வேண்டாம், 108. உங்களுக்கே வழக்கமான கோடு வழக்கத்தைவிட வேறு மாதிரி வந்தாலும், ஒரு மணி நேரம் தாண்டியும் போகாவிட்டாலும், கை தூக்க முடியாமல் போனாலும் அதேதான்.

பாம்பன்காற்று:

எல்லாருக்கும் நன்றி. போய்விட்டு வந்து எழுதலாம் என்று இருந்ததில் தாமதம்.

ராமநாதபுரத்தில் நரம்பு டாக்டரைப் பார்த்தேன். டீச்சர் சொன்ன மாதிரி வரைந்த தாளைக் கொடுத்ததும் நான் பேசத் தொடங்கும் முன்பே தலையாட்டிவிட்டார். "இதை யார் வரையச் சொன்னது?" என்று கேட்டார். கீழக்கரையில் ஒரு டீச்சர் என்றேன். இரண்டு கண்ணிலும் தெரிகிறது என்பதையும் சொன்னேன். அம்மா விஷயத்தைச் சொன்னதும் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி, கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன், தலைக்கு எம்ஆர்ஐ எல்லாம் எடுக்கச் சொன்னார். எம்ஆர்ஐ அறைக்குள் அடிக்கிற சத்தம் இருக்கிறதே, டீசல் இன்ஜினுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே தாங்கவில்லை. எதிலும் கோளாறு இல்லை. ரத்தம் மட்டும் குறைவு. அட்டையை நிறுத்தியாயிற்று. உதிரப்போக்குக்கு மகப்பேறு டாக்டர் தனியாகப் பார்க்கிறார், கர்ப்பப்பையில் சின்ன நார்க்கட்டி இருக்கிறது.

மருந்து விஷயம். கோடு வந்துகொண்டிருக்கும்போது அதைப் பாதியில் நிறுத்துகிற மாத்திரை என்று எதுவும் கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். வலி இல்லாதபோது வலி மாத்திரை வீண். அடிக்கடி வந்து வேலையே கெட்டால் தினசரித் தடுப்பு மாத்திரை தரலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு என்றார். ப்ரோப்ரனலால் எனக்கு ஆகாது, சின்ன வயதிலிருந்து வீசிங். ஃப்ளூனரிசின் தூக்கம் தரும், எடை கூட்டும், சிலருக்கு மனதைச் சோர்வாக்கும். டோபிரமேட் எடுத்தால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சிறுநீரகக் கல் வரலாம். நம் ஊர் வெயிலில், கழிப்பறைக்குப் போகக்கூட நேரம் பார்க்கிற வேலையில், அது எனக்குச் சரிவராது என்று நானே சொல்லிவிட்டேன். இப்போதைக்கு இரும்புச்சத்து மாத்திரை, நேரத்துக்குச் சாப்பாடு, ஒழுங்கான தூக்கம், வந்த நாளைக் குறித்துவைத்தல். மூன்று மாதம் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

டீச்சர் கேட்டது உண்மைதான், வெறும் வயிற்றில்தான் வேன் ஏறுவேன். உள்ளே போனால் குளோரின் தண்ணீர் வாடை, ஸ்டீல் மேசை, வெள்ளை டைல்ஸ், தலைக்கு மேல் ட்யூப்லைட். இப்போது கிளம்பும்போது நீராகாரமும் ஒரு துண்டு கருப்பட்டியும், வேனில் இட்லிப் பொட்டலம்.

கம்பெனியில் சொல்லிவிட்டேன். "சில நாள் அரை மணி நேரம் எண் சரியாகத் தெரியாது. அப்போது நான் எழுத மாட்டேன், கையைத் தூக்குவேன், இன்னொருவர் எழுதட்டும்" என்றேன். சூப்பர்வைசர் முதலில் முகத்தைச் சுளித்தார். நானே ஒரு வழி சொன்னேன். இனிமேல் எல்லா நாளும் தட்டு கொண்டுவருகிறவரே எண்ணைச் சத்தமாகப் படிக்கட்டும், நான் கேட்டு எழுதி, எழுதியதைத் திருப்பிப் படிக்கிறேன் என்று. அது அவருக்குப் பிடித்துவிட்டது. என்மேல் இரக்கம் என்று சொல்ல முடியாது, எடைச் சண்டை குறையும் என்றுதான். இரக்கத்தைவிட இது நிலையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. படிக்கத் தெரியாத இரண்டு பெரியம்மாக்களுக்குப் பக்கத்து மேசைப் பெண் படித்துச் சொல்கிறாள். எடை குறைந்தது என்று சத்தம் போட்டவள்தான் இப்போது எல்லாரையும்விட உரக்கப் படிக்கிறாள்.

வீட்டுக்காரர் வரைந்த தாளைப் பார்த்துவிட்டு, "இது எனக்கு ஒரு தடவை வந்திருக்கே" என்றார். எப்போது என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். ஓரியூருக்கும் போய்வந்தாயிற்று, மாமியாருக்குத் திருப்தி.

கீழக்கரை டீச்சர்:

திருப்பிப் படிக்கிற யோசனை பிரமாதம், தங்கச்சி. விளக்கு விஷயத்தையும் விடாதீர்கள். ட்யூப்லைட் விட்டுவிட்டு எரிந்தால் மாற்றச் சொல்லுங்கள், அல்லது தராசைத் திருப்பி வைத்து வெளிச்சம் ஸ்டீலில் பட்டுக் கண்ணில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரையும் விடாதீர்கள். கடலுக்குப் போகிறவர், சங்குக்காரத் தம்பி எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

தொண்டி 62:

இதெல்லாம் படித்துவிட்டுக் கேட்கிறேன். என் மனைவிக்கு நேற்றிலிருந்து வலது கண்ணில் மட்டும் பளிச் பளிச்சென்று மின்னல், கறுப்புப் பூச்சிகள் பறக்கிற மாதிரி, இன்று காலையிலிருந்து கீழ்ப்பக்கம் திரை போட்டாற்போல் மறைக்கிறது. வலி இல்லை. சர்க்கரை உண்டு. அவளுக்கும் இதே ஒற்றைத் தலைவலி வகையாக இருக்குமா? கோடு எதுவும் நகரவில்லை.

உச்சிப்புளி சிஸ்டர்:

இல்லை ஐயா, இது அது அல்ல. ஒரே கண், பறக்கும் புள்ளிகள், திரை, நேரம் ஆக ஆகக் கூடுகிறது என்றால் விழித்திரை கழன்றுகொண்டிருக்கலாம், சர்க்கரையால் உள்ளே ரத்தம் கசிந்தும் இருக்கலாம். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். விழித்திரை அறுவை செய்கிற கண் ஆஸ்பத்திரிக்கு இன்றே, பஸ் கிடைக்காவிட்டால் கார் பிடித்தாவது கிளம்புங்கள். மதுரை வரை போக வேண்டியிருந்தாலும் இன்றே. போகிற வழியில் கண்ணைக் கசக்க விடாதீர்கள், எந்தச் சொட்டு மருந்தும் நீங்களாக விடாதீர்கள். சர்க்கரைக்கு எடுக்கும் மாத்திரைச் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.